பள்ளிக்கு சோலார் வரும் முன்னே மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முன்னாள் மாணவர்கள் பணம் திரட்டி ஓர் அரசுப் பள்ளியின் மொட்டை மாடியில் சோலார் பேனல் அமைத்துக் கொடுத்ததை, எங்கள் மாவட்டச் செய்திப் பக்கத்தில் படத்தோடு வெளியிட்டிருந்தீர்கள். படித்த பள்ளியை மறக்காத அந்தப் பிள்ளைகளை மனதாரப் பாராட்டுகிறேன். கூடவே ஒரு கவலையும் வந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் குடியாத்தம் பக்கம் வயரிங் வேலை செய்பவன். உரிமம் வாங்கி இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. சுற்று வட்டாரத்துப் பள்ளிகள் பலவற்றில் ஃபேன் மாட்டியிருக்கிறேன், எரிந்துபோன மெயின் போர்டை மாற்றியிருக்கிறேன், மோட்டாரைக் கிணற்றிலிருந்து ஏற்றியிருக்கிறேன். என் மகள் படிக்கும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவிலும் இருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஒன்றியத்தில் ஒரு பள்ளிக்கு, கரன்ட் வரவில்லை என்று கூப்பிட்டார்கள். மாடியில் நல்ல பேனல்கள் இருந்தன. மேலே புழுதியும் காக்கை எச்சமும் ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. கீழே ஆய்வக மூலையில் நான்கு பேட்டரிகள். மூடியைத் திருகித் திறந்தால் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தகடுகள் காய்ந்து வெள்ளை பூத்துக் கிடந்தன. மாதம் ஒருமுறை பார்த்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும் என்று அமைத்துக் கொடுத்தவர்கள் ஓர் ஆசிரியரிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். அவர் அடுத்த கலந்தாய்வில் மாறுதலாகிப் போய்விட்டார். பின்னால் வந்தவருக்கு அந்தப் பெட்டிகள் எதற்கு என்றே தெரியாது. கொடுத்தவர் மேலும் குற்றமில்லை, ஆசிரியர் மேலும் குற்றமில்லை. பார்த்துக்கொள்ள ஒரு ஆளை யாரும் நியமிக்கவில்லை, அவ்வளவுதான். இந்தக் கதையை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பள்ளிகளுக்குப் பொருள் கொடுக்க இன்று ஆள் இருக்கிறது. 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் வழியாகவும் உதவி வருகிறது. பசுமைப் பள்ளி என்ற பெயரிலும் அரசு செலவு செய்கிறது. ஆனால் எதை முதலில் செய்வது, செய்ததை யார் பார்த்துக்கொள்வது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் இல்லாமலே செலவு நடக்கிறது.

முதலில் மீட்டரிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் பள்ளியின் கரன்ட் பில் மேலே எங்கோ கட்டப்பட்டுவிடுகிறது. இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் ஓடியது என்று கேட்டால் சொல்ல பள்ளியில் யாரும் இல்லை. மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசி, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மீட்டர் பார்க்கும் வேலையைக் கொடுத்தோம். இப்போதைய மீட்டரில் எண்கள் மாறி மாறி ஓடும்; வோல்டேஜ் வரும், தேதி வரும், எது யூனிட் என்று கண்டுபிடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். பக்கத்தில் சின்னதாக ‘கிலோவாட் அவர்’ குறி தெரியும்போது வரும் எண்ணை மட்டும் எழுதுங்கள் என்று காட்டிக்கொடுத்தேன். இரண்டு பெண் பிள்ளைகள் ஒரு நோட்டு போட்டு தினமும் காலையும் மாலையும் எழுதினார்கள்.

அந்த நோட்டில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. வெள்ளிக்கிழமை மாலை எழுதிய எண்ணுக்கும் திங்கட்கிழமை காலை எழுதிய எண்ணுக்கும் நடுவில் 11 யூனிட் ஓடியிருந்தது. பள்ளி பூட்டிக் கிடந்த நேரம்! ஒவ்வொன்றாகத் தேடினோம். ஸ்மார்ட் வகுப்பறையின் யூபிஎஸ் அணைக்கப்படாமல் இருந்தது. தாழ்வாரத்து விளக்கு இரவும் பகலும் எரிந்தது. குடிநீர் ஆர்ஓ இயந்திரத்தின் குழாய் சொட்டிக்கொண்டே இருந்ததால் அது தானாக நின்று நின்று ஓடிக்கொண்டிருந்தது. குழாய்க்கு ஒரு வாஷர், மெயின் போர்டில் ஒரு தனி சுவிட்ச். அடுத்த திங்கட்கிழமை இரண்டு யூனிட்தான். சமையல் கூடத்துக்கும் தலைமையாசிரியர் அறைக்கும் மட்டும் இணைப்பை விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் அந்த ஒரு சுவிட்சில் அணைத்துவிட்டுப் போகிறார்கள். புத்தகத்தில் மின்னாற்றல் பாடம் வரும்போது அந்தப் பிள்ளைகளுக்கு யூனிட் என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

அடுத்தது வெயில். வேலூர் வெயிலைப் பற்றி உங்கள் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கத்திரி முடிந்தும் எங்கள் பக்கம் ஜூன் முழுக்கக் கொளுத்தும். 2023இல் ஜூன் 1 திறக்க வேண்டிய பள்ளிகளை 7ஆம் தேதிக்குத் தள்ளினார்கள். அப்புறம் பெரிய வகுப்புகளுக்கு 12, ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைகளுக்கு 14 என்று ஆனது. 2024இலும் ஜூன் 6 என்றது 10 ஆனது. அதே ஆண்டு அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு அறிவித்தது. இனி வரும் ஆண்டுகளில் இது குறையப் போவதில்லை. ஒவ்வொரு ஆண்டும் பள்ளி திறப்பைத் தள்ளிக்கொண்டே போக முடியுமா?

வகுப்பறைக்குள் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பெரும்பகுதி கூரையிலிருந்து வருகிறது. எங்கள் பள்ளியில் மூன்று வகைக் கட்டடம் இருக்கிறது. பழைய ஓட்டுக் கட்டடம், உயரமான கூரை, நடுவில் இரண்டு கண்ணாடி ஓடு. அதில் டியூப்லைட் போடாமலே பாடம் நடக்கும். அடுத்தது ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. மூன்றாவது மாடிக் கட்டடம், கான்கிரீட் தளம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் போனதற்குப் பிறகு, பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்று ஆனது. அந்த முடிவு சரியானது. அதில் யாரும் மாற்றுக் கருத்து சொல்ல முடியாது. ஆனால் கீற்றைப் பிரித்த பல இடங்களில் ஆஸ்பெஸ்டாஸும் தகரமும் ஏறின. தீ பயம் போனது, பிள்ளைகள் தலைக்கு மேல் அனல் வந்து உட்கார்ந்துகொண்டது. அதைத் தணிக்கும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

கான்கிரீட் தளமும் லேசுப்பட்டதல்ல. காலையிலிருந்து வெயிலைக் குடித்துக்கொண்டே இருக்கும். மதியம் இரண்டு மணிக்கு மேல் மாடி வகுப்பறையில் நின்று கையை மேலே தூக்கினால் உள்ளங்கையில் சூடு தெரியும். ஃபேன் அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளும். பிள்ளைகள் சுவரோரம் ஒதுங்கி உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். கடைசி இரண்டு பாடவேளை அவர்கள் காதில் என்ன ஏறும்?

இதற்கு எங்கள் பாட்டன் காலத்து மருந்து இருக்கிறது. மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு. சென்ற ஆண்டு மாசி மாதத்தில் எங்கள் பள்ளியில் இதைச் செய்தோம். மாடியைக் கூட்டிக் கழுவி, வெடிப்புகளைச் சிமென்ட்டால் அடைத்தோம். கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாளே தொட்டியில் ஊறவைத்து வடிகட்டி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் பசை கலந்து, பழைய தென்னந்துடைப்பத்தால் இரண்டு கை பூசினோம். பணம் முழுதாக இல்லாததால் ஏழாம் வகுப்பு அறையின் மேல்பகுதி மட்டும் முடிந்தது. பக்கத்து ஆறாம் வகுப்பின் மேல்பகுதி அப்படியே நின்றது. அறிவியல் ஆசிரியை இரண்டு அறையிலும் ஒரே உயரத்தில் வெப்பமானி தொங்கவிட்டார். மதியம் இரண்டு மணிக்குப் பூசிய அறையில் மூன்று டிகிரி குறைவாகக் காட்டியது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எங்களுக்கு எப்போது என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஆடி முடிவதற்குள் அதையும் பூசிவிட்டோம்.

சுண்ணாம்பு நிரந்தரமில்லை. ஐப்பசி மழையில் பாதி கரைந்துவிடும், ஆண்டுக்கு ஒருமுறை பூச வேண்டும். மழைநீர் சேகரிப்புக் குழாய் உள்ள இடத்தில் முதல் மழைத் தண்ணீரைத் தொட்டிக்கு விடாமல் வெளியே திருப்ப வேண்டும். சுண்ணாம்பு கரைந்து வரும். கையில் பணம் இருந்தால் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயின்ட்டோ வெள்ளை ஓடோ போடலாம், அது சில ஆண்டு தாங்கும். தெலங்கானா 2023இலேயே இதற்கென்று ஒரு கொள்கை கொண்டுவந்து, அரசுக் கட்டடங்களுக்கு இந்தக் குளிர்கூரையைக் கட்டாயமாக்கியது. தெலங்கானாவால் முடிந்தது நம்மால் முடியாதா?

இனி என் தொழிலுக்கு வருகிறேன். பள்ளிகளில் தொங்கும் சாதாரண ஃபேன் ஒன்று ஏறக்குறைய 75 வாட் இழுக்கும். ஒரு நாளில் ஏழு மணி நேரம் ஓடினால் அரை யூனிட். 220 வேலை நாளுக்கு 115 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கடைகளில் கிடைக்கும், காந்த மோட்டாரில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் அதே காற்றை 30 வாட்டில் கொடுக்கிறது. ஆண்டுக்கு 46 யூனிட். ஃபேன் ஒன்றுக்கு எழுபது யூனிட் மிச்சம். எங்கள் பள்ளியில் 24 ஃபேன். யூனிட் 8 ரூபாய் என்றே கணக்குப் போட்டாலும் ஆண்டுக்கு 13,000 ரூபாய்க்கு மேல் நிற்கும்.

அதற்காக ஓடுகிற ஃபேனைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. அது வீண் செலவு, குப்பையும்கூட. காயில் எரிந்தால் ஐந்நூறு ரூபாய்க்குக் கட்டி மாட்டுகிறோமே, அந்த வழக்கத்தைத்தான் விடச் சொல்கிறேன். ஒருமுறை காயில் கட்டிய ஃபேன் முன்போல் சுற்றாது, சூடாகும், கரன்ட்டும் கூடுதலாக இழுக்கும். எரிந்ததற்குப் பதில் புதியதை மாட்டினால் நான்கைந்து ஆண்டில் பள்ளி முழுக்க மாறிவிடும். வாங்கும்போது ஒன்று பார்க்க வேண்டும். பிஎல்டிசி ஃபேன்களில் பல ரிமோட்டில்தான் வேகம் மாறும். முப்பது பிள்ளைகள் இருக்கும் அறையில் ரிமோட் ஒரு மாதம்கூடத் தங்காது. சுவர் சுவிட்சிலேயே வேகம் மாற்றக்கூடிய வகையைக் கேட்டு வாங்க வேண்டும். இன்னொன்று, அதன் உள்ளே இருக்கும் மின்னணு அட்டை வோல்டேஜ் ஏறி இறங்கினால் போய்விடும். அட்டையை மாற்றித் தரும் சேவை மையம் பக்கத்தில் இருக்கிற கம்பெனியாகப் பார்க்க வேண்டும். விலையை மட்டும் பார்த்து டெண்டர் விடுகிற இடத்தில் இதையெல்லாம் யார் கேட்பது?

புதிய ஃபேன் வாங்கப் பணமில்லாத பள்ளியிலும் செய்யலாம். இறக்கையில் படிந்த தூசியைத் துடைத்தாலே காற்று கூடும். மெதுவாகச் சுற்றும் ஃபேனில் பாதிக்கு மேல் கண்டன்சர்தான் கோளாறு. நூறு ரூபாய்க்குள் முடியும் வேலை. பழைய பெட்டி ரெகுலேட்டர் இருந்தால் உடனே மாற்றுங்கள். அதில் வேகத்தைக் குறைத்தால் கரன்ட் பெரிதாகக் குறையாது, ஒரு பங்கு கரன்ட் பெட்டிக்குள் சூடாகப் போகும். தொட்டுப் பார்த்தால் தெரியும். தளத்தை ஒட்டி மாட்டிய ஃபேனுக்கு மேலே ஓர் அடியாவது இடைவெளி வேண்டும், இல்லையென்றால் அது இழுக்கக் காற்று கிடைக்காது.

விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சோக் போட்ட பழைய டியூப்லைட் ஐம்பது வாட்டுக்கு மேல், எல்இடி இருபது. எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் பகல் பத்து மணிக்கு விளக்கு எதற்கு எரிகிறது என்று பார்த்தால், ஜன்னலை மறைத்து பீரோ நிற்கும், கண்ணாடியில் பழைய சார்ட் ஒட்டியிருக்கும். பீரோவை நகர்த்த யாருடைய உத்தரவும் தேவையில்லை.

தண்ணீருக்கு வருவோம். மோட்டாரைப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விடுகிறார்கள், தொட்டி நிரம்பி வழிகிறது. கரன்ட்டும் போகிறது, நிலத்தடி நீரும் போகிறது. தொட்டி நிரம்பினால் தானாக நிற்கும் மிதவை சுவிட்ச் ஒன்று மாட்டினால் போதும். ஆர்ஓ இயந்திரம் ஒரு குடம் நல்ல தண்ணீர் தர, இரண்டு மூன்று குடம் தண்ணீரைக் கழிவாக வெளியே தள்ளும். எங்கள் பள்ளியில் அந்தக் குழாயைக் கழிப்பறைத் தொட்டிக்குத் திருப்பிவிட்டோம். உப்புத் தண்ணீர் செடிக்கு ஆகாது, கழிப்பறைக்கு ஆகும். மதிய உணவுக்குக் கை கழுவும் தண்ணீர் வாழைக்கும் முருங்கைக்கும் போகிறது; அந்த முருங்கைக் கீரை சமையலுக்கே வருகிறது. மரக்கன்று நடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தன்று நட்டுப் படம் எடுப்பதைவிட, புரட்டாசி, ஐப்பசியில் கட்டடத்தின் மேற்குப் பக்கம் புங்கனும் வேம்பும் நட்டால் மழையில் வேர் பிடிக்கும். கோடை விடுமுறையில் தண்ணீர் ஊற்றுவது யார் என்பதை நடும்போதே எழுதிவைக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகு சோலார் வரட்டும். பள்ளியைப் போல சோலாருக்குப் பொருத்தமான இடம் வேறு இல்லை என்றே சொல்வேன். வெயில் அடிக்கும் நேரத்தில்தான் பள்ளி நடக்கிறது. முதலில் கரன்ட் தேவையைக் குறைத்தால் பேனலும் குறைவாகப் போதும். எங்கள் 24 ஃபேனும் பழையதாக ஓடினால் 1,800 வாட் வேண்டும்; எல்லாம் மாறிவிட்டால் 720 வாட் போதும். ஒரு கிலோவாட் பேனலுக்கு நூறு சதுர அடி இடம் வேண்டும், நம் ஊர் வெயிலில் நாளுக்கு நான்கு யூனிட் தரும். பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு சேர்த்து அமைப்பதுதான் பள்ளிக்கு ஏற்றது. அதில் காய்ந்துபோக எதுவும் இல்லை. ஆனால் லைனில் கரன்ட் போனால் அந்த சோலாரும் தானாக நின்றுவிடும். லைனில் ஏறி வேலை செய்பவரின் உயிரைக் காக்கத்தான் அந்த ஏற்பாடு. இதை முன்னாலேயே சொல்லாவிட்டால், ‘சோலார் இருந்தும் ஃபேன் ஓடவில்லையே’ என்று பெற்றோர் கேட்பார்கள், கேட்டும் இருக்கிறார்கள். வீட்டுக்கு சோலார் போட ஒன்றிய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. அந்த மானியம் பள்ளிக்குக் கிடையாது. ஏப்ரல், மே விடுமுறையில் பேனல் நன்றாக உற்பத்தி செய்யும், பள்ளி பூட்டியிருக்கும். அந்த இரண்டு மாத மின்சாரத்தின் மதிப்பு பள்ளியின் கணக்கிலேயே முழுதாக வரவாகும்படி மின்வாரியம் வழி செய்துதர வேண்டும்.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். நூறு பேருக்கு மேல் 250 பேர் வரை படிக்கும் பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளி மானியம் ஆண்டுக்கு 50,000 ரூபாய். சாக்பீஸிலிருந்து கழிப்பறை ஆசிட் வரைக்கும் அதில்தான். அதற்குள் சுண்ணாம்புக்கும் கண்டன்சருக்கும் இடம் தேடுவது தலைமையாசிரியருக்குக் கஷ்டம். பள்ளி எவ்வளவு மிச்சப்படுத்தினாலும் அதில் ஒரு ரூபாய்கூட பள்ளிக்குத் திரும்பி வராது. மிச்சமான கரன்ட் பணத்தில் பாதியை அந்தப் பள்ளியின் பராமரிப்புக்கே கொடுத்தால், மீட்டர் நோட்டு எல்லாப் பள்ளியிலும் தானாகத் திறக்கும்.

ஆளைப் பற்றியும் எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. ஒவ்வொரு ஒன்றியத்திலும் வட்டார வள மையம் இருக்கிறது. ஆசிரியப் பயிற்றுநர்கள், மாற்றுத் திறனுள்ள குழந்தைகளுக்கான சிறப்பு ஆசிரியர்கள் எல்லோரும் அங்கிருந்துதான் பள்ளி பள்ளியாகப் போகிறார்கள். அதே மையத்தில் உரிமம் பெற்ற ஒரு வயர்மேனை, குழாய் வேலையும் தெரிந்தவராக, சம்பளத்துக்கு வையுங்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு பள்ளிக்கும் போகட்டும். மீட்டர் நோட்டைப் பார்க்கட்டும், பேனலைக் கழுவட்டும், எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கட்டும். பழைய கட்டடங்களில் எர்த் இல்லாத பிளக் பாயின்ட்டை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். பிள்ளைகள் கை வைக்கும் இடம் அது. அரசு ஐடிஐ எலக்ட்ரீஷியன் பிரிவு மாணவர்களை அவருக்கு உதவியாக அனுப்பினால் அவர்களுக்கும் கைத்தேர்ச்சி வரும். நன்கொடை கொடுக்க வருபவர்களிடமும் ஒன்று கேட்கலாம்: பொருளோடு ஐந்தாண்டுப் பராமரிப்புக்கும் சேர்த்துக் கொடுங்கள். நான் பேசிப் பார்த்தவரை, கொடுக்க மனமுள்ளவர்கள் இதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

பொங்கல் முடிந்ததும் பள்ளிக் கல்வித் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்து, பிப்ரவரிக்குள் சுண்ணாம்புக்கென்று ஒரு சிறு தொகையும் வந்துவிட்டால், மாடி வகுப்பறை உள்ள எல்லாப் பள்ளியிலும் மார்ச் முடிவதற்குள் பூசிவிடலாம். முழு ஆண்டுத் தேர்வை ஏப்ரல் வெயிலில்தான் பிள்ளைகள் எழுதுகிறார்கள். எங்கள் ஒன்றியத்தில் எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் சுண்ணாம்பு கலக்கும் பக்குவத்தைக் காட்டிக்கொடுக்கவும், மீட்டர் பார்க்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் கூலி வாங்காமல் வருகிறேன். தலைமையாசிரியர்கள் மேலாண்மைக் குழு மூலம் சொல்லி அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வயர்மேன், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.